அப்போஸ்தலர் வாசலில் ஒரு வியாழக்கிழமை

மதியம் 12 மணி. ஸ்பெயினின் வலென்சியா நகரப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தேன்.

கறுப்பு அங்கி அணிந்த விவசாயிகள் எட்டுப் பேர் அரைவட்டமாக அமர்ந்தார்கள். பாசனத் தகராறுகளைத் தீர்க்க வாரந்தோறும் கூடும் தண்ணீர் நீதிமன்றம் இது. டவாலி ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூவி, குற்றம்சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்டார். யாரும் வரவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

அந்த டவாலிக்கு ஸ்பானிய மொழியில் 'அல்குவாசில்' என்று பெயர். அரபியின் 'அல்-வஸீர்', அதாவது அமைச்சர்!

அரசவையில் இருந்த சொல் வாய்க்கால் கரைக்கு வந்திருக்கிறது. எனக்கென்னவோ இது இறக்கமாகத் தோன்றவில்லை. தண்ணீரைப் பங்கிடுவதைவிடப் பெரிய அமைச்சு எது?

வாய்க்கால் 'அசேக்கியா', அரபியில் 'அஸ்-ஸாகியா'. நீரைத் திருப்பும் தடுப்பணை 'அசூத்', அதுவும் 'அஸ்-ஸுத்' தான்.

1609இல் மொரிஸ்கோக்களை, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, இந்த மண்ணிலிருந்து கப்பலேற்றித் துரத்தினார்கள். வாய்க்கால்களைத் தூர்வாரிய கைகள் அவை. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மாலையில் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஓர் அசேக்கியா சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்று அதன் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

அஸ்-ஸாகியா.