டெஸ்டரை முதல்ல டெஸ்ட் பண்ணு

அப்பா அல்சூரில் எலக்ட்ரீஷியன். தீபாவளி வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் சீரியல் லைட்டெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஐம்பது பல்பு உள்ள சரத்தில் ஒன்று போனாலும் மொத்தமும் அணைந்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க மாட்டார். கரண்ட் வரும் ஃபேஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, சரியாக நடுவில் டெஸ்டரை வைப்பார். டெஸ்டர் எரிந்தால் கரண்ட் அதுவரை வந்திருக்கிறது, கோளாறு அதற்கு அந்தப் பக்கம். மிச்சத்தில் மறுபடி நடு. ஆறு தடவைக்குள் பல்பு கையில்.

இதற்கு பைனரி சர்ச் என்று பெயர் உண்டு என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. 1946இலேயே கணினி முன்னோடி ஜான் மாக்லி இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் எந்த நீளப் பட்டியலுக்கும் சரியாக ஓடும் வடிவம் அச்சில் வர 1960 ஆனது. புரோகிராமாக எழுதிப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

போன மாதம் ஆபீஸில், எங்கள் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் திடீரென்று ஃபெயில். கடைசி ரிலீஸுக்கு அப்புறம் தொள்ளாயிரத்துச் சொச்சம் கமிட், அதாவது புரோகிராமில் பதிவான மாற்றங்கள். அப்பா மாதிரியே நடுவிலிருந்து பாதிப் பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் போட்டால் பத்தே படி. ஒவ்வொரு படியிலும் புரோகிராமை ஓடும்படி தயாரிக்கும் பில்டுக்குப் பன்னிரண்டு நிமிடம், இரண்டு மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி. கமிட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் ரிவர்ட் செய்து நீக்கி, குரூப்பில் கொஞ்சம் காரமாகவும் எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன். அவன் மாற்றியது ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பில் ஒரே ஒரு எழுத்துப்பிழை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். "டெஸ்டரை முதல்ல எரியுற பிளக்ல வச்சுப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. அந்த டெஸ்ட் கெட்ட புரோகிராமிலும் இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் ஃபெயில் ஆனது. நான் ஒவ்வொரு கமிட்டிலும் ஒரே ஒரு தடவை ஓட்டி, பாஸ் ஆனதை நல்லது என்று குறித்திருந்தேன். பாதிப் பாதியாக வெட்டுவதில் இதுதான் வில்லங்கம்: ஒரு பதில் பொய்யானால் சரியான பாதியையே தூக்கிப் போட்டுவிடுவோம், அதன் பிறகு எத்தனை முறை வெட்டினாலும் அங்கே திரும்பிப் போக மாட்டோம்.

ஒரு நல்ல விஷயம், ஃபெயில் பொய் சொல்லவில்லை, பாஸ்தான் சொன்னது. அதனால் தம்பியின் கமிட்டுக்கு முந்தையவற்றில் மட்டும் தேடினால் போதும். ஒவ்வொரு இடத்திலும் ஏழு தடவை ஓட்டும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கெட்டது ஏழிலும் தப்ப 128இல் ஒரு வாய்ப்புதான். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் கிடைத்தது, யாரோ டைம்அவுட்டை, அதாவது காத்திருக்கும் நேரத்தை, முப்பது விநாடியிலிருந்து மூன்றாகக் குறைத்திருந்தார்கள்.

தம்பியிடம் போய், அதே குரூப்பிலும், மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "சரிண்ணா, அந்த எழுத்துப்பிழைத் திருத்தத்தைத் திரும்பப் போடவா?" என்று மட்டும் கேட்டான்.