சிபிஏபி பாஸ்: நான் கோட்டை விட்ட இடத்துல நீங்க விடாதீங்க

சிபிஏபி, அதாவது பிசினஸ் அனலிஸ்ட்டுங்களுக்கான சர்டிஃபிகேட் பரீட்சை, போன செவ்வாய்க்கிழமை ஸ்கிரீன்ல பாஸ்னு வந்துச்சு, நாற்காலியை விட்டு எந்திரிக்காம அப்படியே அழுதுட்டேன். ரெண்டாவது தடவை எழுதினது. முதல் தடவை என்னைக் கவுத்தது ரெக்வயர்மென்ட்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன் டெஃபனிஷன் (என்ன தேவைன்னு அலசி, அதுக்கேத்த தீர்வை வரையறுக்கிற பகுதி), பேப்பர்ல அதுதான் 30 சதவீதம், ஆபீஸ்ல தினமும் செய்யற வேலைதானேன்னு நான் சரியாவே படிக்காத ஏரியாவும் அதுதான்.

ஆபீஸ் பழக்கமே தப்பா இருந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஹார்பர் பக்கத்துல ஒரு குடோனுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் தேடினோம், எது எவ்வளவு முக்கியம்னு வெயிட் போட்டு, அஞ்சுக்கு மார்க் குடுத்து, ரெண்டையும் பெருக்கிக் கூட்டினோம். ஃபங்ஷன் 40, விலை 30, ரிப்போர்ட் 20, நெட் இல்லாம ஓடுறது 10. முதல் சாஃப்ட்வேருக்கு 5, 4, 5, 0, மொத்தம் 420. ரெண்டாவதுக்கு 4, 3, 4, 5, மொத்தம் 380. 420-ஐ வாங்கிட்டோம். லோட் ஷெட்டிங் (முறை வெச்சு கரண்ட் நிறுத்தறது) வந்தப்போ நெட்டும் சேந்து போச்சு, லாரி வாசல்ல நிக்குது, பசங்க பேப்பர்ல எழுதிட்டு இருக்காங்க. அந்த ஒரு பூஜ்யத்தை மத்த மார்க்கெல்லாம் சேந்து மறைச்சிடுச்சுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது.

அதனால கட்டாயம் வேணும்ங்கிறதுக்கு மார்க்கே போடாதீங்க. இருக்கா இல்லையா, அவ்வளவுதான், இல்லாதது லிஸ்ட்லயே நிக்கக் கூடாது. தனிநபர் தகவலைப் பாதுகாக்கிற தென்னாப்பிரிக்கச் சட்டமான பொப்பியாவும் அப்படித்தான், 2021 ஜூலை 1-லேருந்து கம்பெனிங்க கட்டாயம் நடந்துக்க வேண்டிய சட்டம், அதுக்குப் போய் வெயிட் குடுக்கறதா! கேள்வியை வெளிய சொல்லக் கூடாது, ஆனா கேஸ் ஸ்டடில இந்த நினைப்போட படிச்சா ரெண்டு ஆப்ஷன் தானா விழுந்துடும்.

இன்னொரு குழி, பேரைப் பாத்து ஏமாந்தது. சிலபஸ்ல இன்னொரு ஏரியாவான சொல்யூஷன் எவாலுவேஷன்னா நாலு சாஃப்ட்வேரை வெச்சு ஒப்பிடறதுன்னு நினைச்சேன். இல்லங்க, அது ஏற்கெனவே ஓடிட்டு இருக்கறதை, குறைஞ்சது புரோட்டோடைப்பாவோ பீட்டாவாவோ கையில இருக்கறதை அளக்கறது. வாங்கறதுக்கு முன்னாடி ஒப்பிட்டு இது நல்லதுன்னு சிபாரிசு பண்றது நான் மேல சொன்ன 30 சதவீத ஏரியாவுல வரும். இந்தப் பரீட்சைக்கு அடிப்படையான வழிகாட்டிப் புத்தகம் பாபாக், அதோட மூணாவது பதிப்புல அந்த ஏரியாவோட கடைசி டாஸ்க்கை மட்டும் நான் ஏழு தடவை படிச்சேன்.

மத்ததெல்லாம் சுருக்கமா:
- வெயிட்டை டெமோவுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. டெமோ பாத்தப்புறம் போட்டா பிடிச்சதுக்கு ஏத்த மாதிரி நம்பரை நாமளே வளைச்சிடுவோம்.
- வெயிட்டை கொஞ்சம் மாத்திப் பாருங்க. மேல உள்ளதுல ஃபங்ஷனை 30 ஆக்கி நெட் இல்லாம ஓடுறதை 20 ஆக்கினா 370-க்கு 390, வரிசையே மாறிடுது.
- வெண்டார் அசெஸ்மென்ட் (விக்கிற கம்பெனியை எடை போடறது), டிசிஷன் அனாலிசிஸ் (ஆப்ஷனை அலசி முடிவெடுக்கறது) ரெண்டையும் சேத்தே படிங்க.
- பாபாக்ல உள்ள 50 டெக்னிக்கையும் மனப்பாடம் பண்ணாதீங்க. எனக்கு மனப்பாடம் வராது, வர்றவங்க பண்ணிக்கோங்க.

120 கேள்வி, மூணரை மணி நேரம். கேஸ் ஸ்டடிக்கு முதல்ல கேள்வியைப் படிச்சிட்டு அப்புறம் கதைக்குப் போங்க. வீட்டுலேருந்து எழுதறவங்க முந்தின நாளே இன்வெர்ட்டரை ஃபுல் சார்ஜ் போட்டு ரவுட்டரையும் அதுலயே மாட்டிடுங்க, டர்பன் சாட்ஸ்வொர்த்துல எங்க தெருவுல அன்னிக்கு நடுவுல இருபது நிமிஷம் கரண்ட் போயிட்டு வந்துச்சு, எனக்கு ஒரு கேள்வி கூட விட்டுப் போகல.