மிண்டன் காஸ் ஸ்டேஷனில் இருந்து: ஸ்லெட் காலக் குறிப்புகள்

ஜனவரி 6

கிறிஸ்மஸுக்குப் பெய்த ஸ்னோவைப் புதுவருட மழை கரைத்துவிட்டது. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் சங்கங்களின் கூட்டமைப்பு இணையத்தில் போடும் வரைபடத்தைத் திறந்தால் எங்கள் பக்கம் முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் ஸ்னோமொபைல் ஓடும் பாதை, அதாவது ட்ரெயில், மூடியிருக்கிறது, பெர்மிட் வாங்கியிருந்தாலும் ஓட முடியாது. ஸ்காபரோவில் இருந்து ஸ்லெட்டை (ஸ்னோ மேல் ஓடும் ஸ்னோமொபைலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ட்ரெய்லரில் கட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பி, "அண்ணை, கொஞ்சத் தூரம் போய்ப் பாத்திட்டு வரட்டே?" என்றான். ட்ரெயில்களில் நிறையப் பகுதி தனியார் காணிகளுக்குள்ளால், காணிக்காரர் மனம் வைத்து விட்டதால் போகிறது. மூடின நேரத்தில் நுழைந்து மண்ணைக் கிளறினால் காணிக்காரர் அடுத்த வருடம் வழியை மறித்துவிடுவார், பிறகு எல்லோருக்கும்தான் நட்டம். தம்பி முணுமுணுத்துக்கொண்டு கோப்பி வாங்கினான்.

ஜனவரி 15

மைனஸ் 20. கின்மவுன்டில் இருந்து ஹாலிபர்ட்டனுக்குப் போகும் பழைய ரயில் பாதை இன்று மஞ்சள்: ஓடலாம், ஆனால் கவனம்.

ட்ரெயிலைச் சமன்செய்யும் க்ரூமர் வண்டியை ஓட்டும் பெரியவர் இரவு கோப்பிக்கு வந்தார். ஸ்லெட்டுகள் ஓட ஓட ட்ரெயில் குண்டும் குழியுமாகிவிடும். க்ரூமர் பின்னால் இழுக்கும் பாரமான இரும்புச் சட்டம் மேடுகளைச் சீவி, குழிகளை நிரப்பி, அழுத்திக்கொண்டே போகும். ஆனால் அழுத்தினால் மட்டும் காணாது, அது இறுகச் சில மணி நேரமாவது குளிரில் சும்மா கிடக்க வேண்டும். அதனால்தான் இரவு வேலை. "நான் திரும்பிப் பார்க்கும்போதே ஒருத்தன் அதுக்கு மேலால ஓடிக்கொண்டு வாறான்" என்று சிரித்தார்.

ஜனவரி 21

ஸ்னோ விழாமல் ஒரே குளிர், ட்ரெயில் கல்லு மாதிரி. எஞ்சின் சூடாகி நின்ற ஸ்லெட் ஒன்றை பம்ப்புக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இதில் காரைப் போல ரேடியேட்டரை நம்ப முடியாது. அநேகமானவற்றில் கூலண்ட் ஓடும் தகடுகள், ஸ்லெட்டை ஓட்டும் ரப்பர் பட்டையான ட்ராக்குக்கு மேலே இருக்கும், ட்ராக் வாரி எறியும் ஸ்னோதான் அவற்றைக் குளிர வைக்கிறது. பனிக்கட்டி மேல் ஓடினால் எறிய ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தேன், ஸ்க்ராச்சர் என்கிற சுருள்கம்பிகள் இரண்டும் புத்தம் புதிதாக மேலே மடித்துக் கொழுவியபடியே இருந்தன. கீழே இறக்கிவிட்டால் அவை பனியைக் கீறித் தூளாக மேலே எறியும், அவ்வளவுதான். பதினையாயிரம் டொலர் ஸ்லெட்.

ஜனவரி 29

இந்தக் கிழமை முழுக்க ஒரே கேள்வி: ஏரியில் ஓடலாமா? நான் பதில் சொல்வதில்லை. சிலருக்குக் கோபம், "இங்கதானே இருக்கிறீங்கள்" என்கிறார்கள். இங்கே இருப்பதால்தான் சொல்வதில்லை. ஒரு ஸ்லெட்டுக்கு 12, 13 சென்டிமீற்றர் தெளிந்த பனிக்கட்டியாவது வேண்டும் என்பார்கள். ஸ்னோ ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பலம் பாதிதான், அப்போ இரட்டிப்புத் தடிப்பு. அதை ஒரு இடத்தில் துளைத்து அளந்தாலும் ஐம்பது அடி தள்ளி என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இரண்டு ஏரிகள் சேரும் ஒடுக்கத்தில் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே கட்டி தடிக்காது. ஹாலிபர்ட்டன் ஏரிகள் பல ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்கும் ஏரிகள், அணைகளில் மட்டம் கூடிக் குறைந்தால் கரையோரக் கட்டி வெடிக்கும். உறைந்த உடனே பெருஸ்னோ கொட்டினால் இன்னும் மோசம், அது குளிரைக் கீழே இறங்கவிடாது, அதன் பாரத்தில் கட்டி தாழ்ந்து வெடிப்பு வழியே தண்ணீர் மேலே ஏறும். பார்த்தால் வெள்ளை வெளேரென்றிருக்கும், உள்ளே சகதி.

மிதக்கும் உடுப்பும், கழுத்தில் தொங்கும் ஐஸ் பிக் என்கிற கூர் ஆணிப்பிடிகளும் இல்லாமல் ஏரிப் பக்கமே போகாதீர்கள். குளிர் உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ந்த, மனிடோபா பல்கலைக்கழகத்து கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு: விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் உருப்படியாக அசைய 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த 10 நிமிடத்தில் வந்த திசைக்கே திரும்பி, பிக்கைக் குத்தி இழுத்து ஏறிவிட வேண்டும். ஏறின பிறகு எழும்பி நிற்காமல் உருண்டு போக வேண்டும்.

பெப்ரவரி 8

சனிக்கிழமை. எல்லாம் பச்சை, பம்ப்பில் வரிசை. ட்ரெயிலில் வேறு பலகை இல்லாவிட்டால் 50 கிலோமீற்றர்தான் வேகம், யார் கேட்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் கார் லைசென்ஸும் சேர்ந்து போகும் என்பது பலருக்குப் புதினமாக இருக்கிறது. பழைய ஆட்கள் எதிரே வருகிறவர்களுக்குக் கையால் பின்னால் சுட்டிக் காட்டுவார்கள், இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று. கடைசி ஆள் கைவிரல்களைப் பொத்தி உயர்த்துவார், பின்னால் யாரும் இல்லை என்று. வளைவில் அது தெரியாமல் நடுவால் வந்தால் சரி, முடிந்தது கதை.

பெப்ரவரி 19

நாளைக்குப் பிளஸ் 4, மழையும் காட்டுகிறது. சனிக்கிழமை வரலாமா என்று இப்போதே போன். வெள்ளி இரவு வரைபடத்தைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கோ என்றேன்.