ஜாக்கி தேர்வுக்குப் போகிறீர்களா? ஊட்டியில் நான் பட்டது

அப்பா ஊட்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தார். சித்திரை பிறந்தால் குதிரைகள் லாரியில் மலையேறிவிடும், எங்கள் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரியும். பத்தாவது முடித்த கையோடு நான் அப்ரண்டிஸ் ஜாக்கி பயிற்சிக்கு, அதாவது பந்தயக் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். சேர்க்கும்போது வாத்தியார் எடை பார்த்தார், 42 கிலோ. பிறகு என் செருப்பு அளவையும் அம்மா அப்பா உயரத்தையும் கேட்டார். ஏன் கேட்டார் என்பது மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது.

தேர்வுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சாட்டையை எப்படிப் பிடிப்பது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அதை விடுங்கள். முதலில் நேரம் பழக வேண்டும். மூடுபனியில் வாத்தியார் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். ஒரு பர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், சரியாகப் பதினைந்து விநாடியில் வர வேண்டும். நான் ஒரு நாள் பதின்மூன்றில் வருவேன், மறுநாள் பதினேழில். அவர் திட்டமாட்டார், வாட்சை மட்டும் காட்டுவார். கடைசியில் வாய்ப்பாடுதான் கைகொடுத்தது. ஓரைந்து ஐந்து, ஈரைந்து பத்து என்று பத்து வரி என் வேகத்தில் முணுமுணுத்தால் பதினைந்து விநாடி. ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதும் அதையே சொல்லிப் பழகினேன். பைத்தியம் என்று பார்த்தவர்களும் உண்டு.

அப்புறம் எடை. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். முடிந்த பிறகு எடை குறைந்திருந்தால் ஜெயித்த குதிரைக்கும் வெற்றி போய்விடும். ஊட்டி வர்க்கியும் டீயும் இல்லாமல் எனக்கு விடியாது, எடை ஏறிவிட்டது. அதனால் ஜாக்கி உரிமத் தேர்வுக்கு முந்தின நாள் சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தேன். முட்டாள்தனம். 2,200 மீட்டர் உயரத்தில் மூச்சே பாதிதான் வரும், வெறும் வயிற்றோடு முழங்கால் நடுங்கியது. ஒரு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அன்று மாதிரிப் பந்தயத்தில் முன்னால்தான் வந்தேன். ஒரு கம்பத்தைப் பார்த்து முடிந்துவிட்டது என்று அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், எழுந்து நின்றேன். பந்தயம் முடியும் கம்பமான வின்னிங் போஸ்ட் அதற்கு அடுத்தது. இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, போஸ்ட் எங்கே இருக்கு?" கையை நீட்டிக் காட்டினேன், அழுகை முட்டியது. உரிமம் அந்த வருடம் கிடைக்கவில்லை.

அமெரிக்க ஜாக்கி பில் ஷூமேக்கருக்கும் இதே கதை என்று லாயத்தில் ஒரு பெரியவர் பிறகு சொன்னார். 1957ல் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தில் கேலன்ட் மேன் என்ற குதிரை மேல் வந்தவர், போஸ்ட் என்று நினைத்து முன்னதாகவே எழுந்துவிட்டார். மூக்கு நுனி வித்தியாசத்தில் வெற்றி போனது. அவர்தான் மொத்தம் 8,833 பந்தயம் ஜெயித்தார், 54 வயதில் 1986ல் அதே டெர்பியையும் எடுத்தார். இங்கிலாந்தில் 26 தடவை சாம்பியன் ஜாக்கியான கார்டன் ரிச்சர்ட்ஸுக்கு அங்கே பெரிய பந்தயமான எப்சம் டெர்பி 28வது முயற்சியில், 1953ல் பின்ஸா என்ற குதிரையில்தான் கிடைத்தது. எனக்கு இரண்டாவது முயற்சியில் உரிமம் கிடைத்தது. பெரிய ஒப்பீடுதான், சிரிக்காதீர்கள்.

அந்த இரண்டாவது தடவை முந்தின நாள் சாயங்காலமே ஓடுபாதை முழுக்கக் காலால் நடந்தேன். எந்தக் கம்பம் எது, எங்கே தரை மெத்தென்று இருக்கிறது, வளைவில் உள்பக்க வேலி எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து வைத்தேன். நீங்களும் நடந்து பாருங்கள்.

பதினெட்டு வயதில் நான் ஐந்தடி ஏழு அங்குலம். இன்னும் எவ்வளவு வளர்வேன் என்று பார்க்கத்தான் வாத்தியார் அன்று செருப்பு அளவைக் கேட்டிருக்கிறார். உடம்பு 58 கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை, ஜாக்கிக்கு அது கனம். இப்போது காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் வேலையில் இருக்கிறேன், வெளியூரில்தான். ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. மலையிலிருந்து வருகிறவர்கள் பயிற்சிக்குப் பெங்களூர், புனே பக்கம் விசாரியுங்கள். போகும் முன் செருப்பு அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள், பத்தாவதையும் முடித்துவிடுங்கள்.