அடங்கலில் சம்பா நெல், நிலத்தில் மனைக்கல்: ஒரு மாதிரிச் சோதனை அனுபவம்

பயிர்ப் புள்ளிவிவர மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் டெல்டா கிராமங்களில் சம்பாப் பருவ மாதிரிச் சோதனையை இப்போதுதான் முடித்திருக்கிறேன். 1973-74 முதல் நடந்துவரும் இத்திட்டத்தில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உள்ள பரப்பு நிலத்தோடு பொருந்துகிறதா, கூட்டல் சரியா, வயலில் சிறு பகுதியை அறுத்து எடைபோட்டு மகசூலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனை முறைப்படி நடக்கிறதா. கூட்டல் எளிதாக முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஒரு கிராமத்தில் அடங்கலைக் கண்ணால் பார்ப்பதற்கே அலைய வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து ஊரையும் கூடுதல் பொறுப்பில் வைத்திருந்ததால், இந்த ஊரில் இருக்கும்போது பதிவேடு அந்த ஊரில் இருந்தது. கடைசியில் கைக்கு வந்த அடங்கலில், போன பசலியின் (வருவாய்த் துறைக் கணக்காண்டின்) பயிர்கள் அப்படியே இறங்கியிருந்தன. நெல் என்று எழுதப்பட்ட ஒரு சர்வே எண்ணில் வீட்டு மனைகளைப் பிரிக்கும் மனைக்கல் நட்டு, கற்களுக்கிடையே கருவேலம் இடுப்பளவு வளர்ந்து நின்றது. வேறுபாட்டைப் பதிவு செய்தபோது, "போன பசலியில் ஒத்துப்போனதே, இப்போது மட்டும் எப்படி மாறும்?" என்று வட்ட அலுவலக எழுத்தர் ஒருவர் படிவத்தைத் திருத்தித் தரச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு கிராமங்களை மட்டும் முன்னுரிமையாகக் கணக்கெடுத்து அதிலிருந்தே மாநிலப் பரப்பை மதிப்பிடுவதால், தேர்வான ஊரில் விழும் பொய், தேர்வாகாத ஊர்களின் பெயராலும் பேசிவிடுகிறது. இந்தப் பணிக்கு வருபவர்கள் அடங்கலை முதலில் பார்க்கவே கூடாது என்பேன். புல வரைபடத்தோடு உட்பிரிவு வாரியாக நடந்து, நிற்கும் பயிரை எழுதி முடித்த பிறகே பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

அறுவடைப் பரிசோதனையில் எதிரி நேரம்தான். தேர்வான வயலின் விவசாயி சொன்ன நாளில் காலையிலேயே போய்ச் சேர்ந்தும், வயலில் தாள் மட்டுமே மிஞ்சியிருந்தது. அறுவடை இயந்திரம் முறை வைத்து வருகிறது, வரும்போது விட்டால் அடுத்த முறை எப்போதென்று தெரியாது, மழையோ மிரட்டுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பக்கத்து வயல் மகசூலையே இதற்கும் எழுதிவிடலாம் என்று கூட வந்த பணியாளர் சொன்னதை ஏற்க முடியவில்லை. அறுவடை முடிந்துவிட்டது என்றே எழுதி, விதிப்படி மாற்று வயலுக்குப் போனோம்.

அங்கே வேறு இழுபறி. இந்தப் பரிசோதனையின் மகசூல்தான் பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டையும் தீர்மானிக்கிறது என்பதால், காப்பீட்டு நிறுவனப் பிரதிநிதி கதிர் தடித்த மேட்டுப் பக்கத்தையும், விவசாயி நீர் தேங்கிப் பதராகிப்போன பள்ளத்தையும் காட்டினார்கள். தென்மேற்கு மூலையில் நின்று, நீள அகலங்களைத் தப்படியால் அளந்து, அறுக்கும் இடத்தை யாருடைய விருப்பமுமின்றித் தீர்மானிக்கும் சமவாய்ப்பு எண்ணை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படித்து முளைக்குச்சியை அடித்த பிறகுதான் இருவரும் அடங்கினார்கள். 5 மீட்டர் சதுரம் கோணலாகிவிடாமல் இருக்க, மூலைவிட்டம் இரண்டும் 7.07 மீட்டர் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 25 சதுர மீட்டரில் கிடைத்ததை 400-ஆல் பெருக்கினால்தான் ஹெக்டேருக்கான மகசூல். களத்தில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஹெக்டேருக்கு 400 கிலோ தடம் மாறும். தூற்றிய நெல் ஈரமாகவே இருந்ததால், உலர்த்தி மறுபடி எடை போடுவதற்கான மாதிரியைத் தனியே கட்டி, சீட்டில் விவசாயி, காப்பீட்டுப் பிரதிநிதி, பணியாளர் மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். பின்னர் அந்த எடையை யாரும் மறுத்துப் பேசவில்லை.

பயிர்ப் புள்ளிவிவரத்தைச் சீர்செய்ய 2011-இல் அறிக்கை தந்த வைத்தியநாதன் குழு, செயற்கைக்கோள் படங்களால் பயிரை அறியும் தொலையுணர்வையும் பயன்படுத்தச் சொன்னது. அது வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனைக்கல்லைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோளுக்கு நெல்லின் எடையைச் சொல்ல இன்னமும் ஒரு தராசு வேண்டியிருக்கிறது. அந்தத் தராசோடு போகிறவருக்கு வயல் பட்டியல் பருவத் தொடக்கத்திலேயே கிடைத்தாக வேண்டும். எனக்குக் கிடைத்தபோது கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. அடுத்த பருவத்தில் போகிறவர்கள் விவசாயியின் கைபேசி எண்ணோடு அறுவடை இயந்திரத் தரகரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயலில் வண்டி எப்போது இறங்கும் என்பது விவசாயிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.