எந்த பிளாக்?

"மிஸ், எங்கப்பா எந்த பிளாக்ல இருந்தாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

அவன் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது: "உங்கப்பா இங்க வேலை பார்த்தாரா?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். "ஆமா மிஸ்" என்றான். பக்கத்தில் நின்ற பையன்கள், "டேய், உங்கப்பா போலீஸா? சொல்லவே இல்ல!" என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வகுப்பை அடுத்த வாசலுக்கு நகர்த்தினேன்.

2009. சென்னை மத்திய சிறையில் இருந்த கைதிகள் புழல் சிறைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பழைய சிறையை இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பை அழைத்துப்போக நான்தான் தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். 1837இல் கட்டிய சிறை. இப்போது பார்க்காவிட்டால் எப்போது?

அவன் அப்பா உள்ளே இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மா எல்லோரும் போகும்வரை காத்திருந்து சொன்னார்: "மத்த பசங்களுக்குத் தெரிய வேணாம் மிஸ்." அதற்கு முன் ஒரு பள்ளியில் வாங்கிய பேச்சு அவனை மூன்று மாதம் வகுப்புப் பக்கமே வரவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எப்படிக் கேலி செய்வார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு நொடியில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டது மறைக்கச் சொல்லி. இல்லாத ஒன்றை அவன் வாயாலேயே சொல்லவைக்கச் சொல்லி அல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். 1932இல் நேதாஜி இங்கே இருந்ததைச் சொன்னேன். அண்ணாவைச் சொன்னேன். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், மிசா சட்டத்தில் பிடித்த கைதிகளை உள்ளே வைத்து அடித்ததையும், அதில் காயம்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு மறு வருஷம் இறந்துபோனதையும், நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்ததையும் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஜெயிலுக்குப் போனவங்க எல்லாம் கெட்டவங்க இல்லடா என்று சொன்னேன். முன் சீட்டில் உட்கார்ந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான். என் பேச்சுதான் அவனுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்க வேண்டும். மூன்று வருஷம் வகுப்பில் அப்பா என்ற வார்த்தையையே எடுக்காதவன் அத்தனை பேர் நடுவில் கேட்டான் என்றால், இந்த இடத்தில் கேட்கலாம் என்று நம்பித்தான் கேட்டிருப்பான்.

கேட்டவுடன் நான் அவன் அப்பாவுக்குக் காக்கிச்சட்டை மாட்டிவிட்டேன்.

அன்று கொண்டுபோன குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். 1996இல் ஜெயலலிதா, 2001இல் கருணாநிதி என்று எழுதியிருக்கிறேன். 1999 நவம்பர் கலவரம் அதில் இல்லை. அதே மதிலுக்குள்தான் ஒரு துணை ஜெயிலர் கொல்லப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய விஷயம், இன்னும் வரலாறாகவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் 2001 எப்படி வரலாறானது? 169 வருஷம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் படுத்து எழுந்தவர்களில் தலைவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களைப் பற்றி என்னிடம் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைத்தான் அவன் கேட்டான்.

பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, வகுப்பறை வேறு, உலகம் வேறு என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். நீங்கள் அவனைக் காப்பாற்றினீர்கள் என்றார். பல நாள் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அவன் கேலிக்கு ஆளாகவில்லை, பத்தாம் வகுப்பு முடித்துப் போனான். அந்த வகையில் நான் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வெளியே வரும்போது நடந்தது அந்த நிம்மதியை நீடிக்க விடுவதில்லை. பையன்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் வேண்டுமென்றே பின்தங்கி என்னோடு நடந்தான். வாசல் பக்கம் வந்ததும் நின்று, கையைக் காட்டி, மெதுவாகச் சொன்னான்:

"மனு போட்டு அப்பாவப் பாக்க வந்தா இங்கதான் மிஸ் நிப்போம். அம்மா என்னைத் தூக்கிக் காட்டும்."

அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. கேலி செய்ய ஒருவனும் இல்லை. யாரிடமிருந்தும் அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை.

"சீக்கிரம் வா, பஸ் நிக்குது பாரு" என்றேன்.