விம்மல்

மார்ச் 2
கட்டு பிரித்தாகிவிட்டது. இடது மோதிர விரல் நடுக்கணுவில் பாதிதான் மடங்குகிறது. கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாசிக்கவில்லை. 23-ம் தேதிவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 3
பத்து நிமிடம். விரல் நுனிக் காய்ப்பு எல்லாம் உரிந்துபோயிருக்கிறது. கம்பி பட்ட இடமெல்லாம் சிவந்த கோடு.

மார்ச் 5
இந்த நேரத்தில் ஏன் அந்த சோலோ (கிட்டார் மட்டும் முன்னே வந்து வாசிக்கும் பகுதி) என்று கணவர் கேட்டார். சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் பாட்டு ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’, 1979. அதில் இரண்டு சோலோ. டி மேஜரில் வரும் முதலாவது, நான் கீழே விழுவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது பி மைனர். அதே நாலைந்து கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) திரும்பத் திரும்பச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் புதிதாக ஏதோ சொல்லிக்கொண்டே போவார். வேகம் பெரிய கஷ்டமில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி வைத்தால் போதும். ஒரு சுரத்தைப் பிடித்து, சுருதி ஏறக் கம்பியை மேலே தள்ளி, அங்கேயே நிறுத்திவைத்து, அதற்குப் பிறகு அசைக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வேகமான சோலோவில் ஒன்று பிசகினால் அடுத்த சுரம் வந்து மூடிவிடும். இதில் பிசகியது அங்கேயே நின்று நம் முகத்தைப் பார்க்கும்.

அந்தத் தள்ளல் முழுக்க மோதிர விரலின் வேலை. அதனால்தான் அந்த சோலோ.

மார்ச் 6
வலி. தொடவில்லை.

மார்ச் 8
மூன்றாவது கம்பி, 9-வது ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி). அங்கே இருப்பது ஈ என்ற சுரம். ஒரு முழு டோன் தள்ளினால் எஃப் ஷார்ப் வர வேண்டும். இரண்டாவது கம்பியில் 7-வது ஃபிரெட்டிலும் அதே எஃப் ஷார்ப் இருக்கிறது. அதை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு, மோதிர விரலால் மூன்றாவதைத் தள்ளி, இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டினேன். சுருதி நெருங்கும்போது உள்ளே ஒரு அலை எழும்: வவ்வவ்வவ். இன்னும் நெருங்கினால் நிதானமாகும். வவ்… வவ்… இரண்டும் ஒன்றாகிவிட்டால் அலையே இருக்காது. பள்ளி இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்தான் நொடிக்கு எத்தனை விம்மல் என்பது. அன்று மனப்பாடம் செய்து எழுதினேன். இன்று காதால் எண்ணுகிறேன்.

நொடிக்கு மூன்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. இன்னும் தள்ளினால் கணுவில் நெருப்பு.

மார்ச் 9
10 கேஜ் (கம்பியின் தடிமன்) கம்பிகளைக் கழற்றி, அதைவிட மெல்லிய 9 மாட்டினேன். இப்போது விரல் தாண்டிப் போய்விடுகிறது. சுரம் மேலே ஏறி, எங்கே நிற்பது என்று தெரியாமல் தத்தளிக்கிறது. நடுங்குவது விரலா காதா, சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 11
ஸ்டுடியோவில் அந்த சோலோவை கில்மோர் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. ஐந்தாறு முறை வாசித்துப் பதிந்து, எந்த முறையில் எந்த வாக்கியம் நன்றாக வந்தது என்று ஒரு தாளில் குறித்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிச் சேர்த்திருக்கிறார். இன்று அதைப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. முதலில் கோபம் வந்தது. யாரும் ஒரே ஓட்டத்தில் வாசிக்காத ஒன்றுக்கா இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்? சில இடங்களில் விரல் ஒரு மூலையில் முடித்துவிட்டு மறு மூலைக்குத் தாவ வேண்டும், நேரமே இருக்காது. அதெல்லாம் தையல் விழுந்த இடமோ என்று தேடித் தேடிக் கேட்டேன். ஒரு தையல்கூட என் காதில் படவில்லை. இரவு ஒரு மணி ஆகிவிட்டது. கணவர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 12
இன்று நான்கு வாக்கியம் மட்டும். தனித்தனியாக.

மார்ச் 14
பிசியோ அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, “விரலால ஏம்மா தள்ளுறீங்க? மணிக்கட்ட திருப்புங்க” என்றார். அவர் கிட்டாரைத் தொட்டதே இல்லையாம். வீட்டுக்கு வந்து கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே கொக்கி போட்டு, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைக் கீழே முட்டுக்கொடுத்து, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் கையைத் திருப்பினேன். மோதிர விரல் கம்பிமேல், நடு விரல் அதன் பின்னால் துணைக்கு. கணுவில் வலி பாதிகூட இல்லை.

நொடிக்கு ஒன்று!

மார்ச் 17
அடுத்த அறையிலிருந்து மகன்: “அம்மா, இன்னும் கொஞ்சம் கீழ இருக்கு.” சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டான். சரியாகச் சொன்னான்.

மார்ச் 19
காலையில் விரல் மரக்கட்டை. வெந்நீரில் வைத்தும் பயனில்லை. மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தால் எத்தனை மாதம்? வேண்டாம், எழுதக்கூடாது.

மார்ச் 20
ரெக்கார்டில் அந்த சோலோவுக்கு முடிவே இல்லை. கில்மோர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் தேய்ந்து மறைகிறது. கடைசிச் சில நொடிகளை ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். அந்த மங்கலுக்குள்ளும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்.

மார்ச் 21
மீண்டும் 10. கில்மோரின் பெயரில் வரும் கம்பிக் கட்டு: 10, 12, 16, 28, 38, 48. வழக்கமான 10 கட்டில் மூன்றாவது கம்பி 17. இதில் 16. அந்த ஒரு புள்ளி மெல்லியதை விரல் உடனே கண்டுகொண்டது. புதுக் கம்பி இழுபட்டு அடங்கும்வரை பத்து தடவை சுருதி சேர்த்தேன்.

பிறகு 9-வது ஃபிரெட். வவ்… வ… அப்புறம் ஒன்றுமில்லை. ஒரே சுரம். எத்தனை நொடி நின்றது என்று எண்ணத் தோன்றவில்லை. அடுத்த அறையிலிருந்தும் சத்தம் இல்லை.

மார்ச் 22
இரண்டு முறை தள்ளிப் பார்த்தேன். ஒரு முறை சேர்ந்தது.

எக்ஸ்ரேயும் பழைய சீட்டுகளும் கவரில் இருக்கின்றன. நாளை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இடது கை நகங்களை வெட்டிவிட்டேன்.